வந்த காரணம்

பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
வெர்சோவா, ஆராம் நகர், நீல கேட்.
"சாருக்கு இருபது நிமிஷம்தான்" என்றது போன்.
தண்ணீர், ஏசி போதுமா, எந்த ஊர்
எல்லாம் கழித்தால் பன்னிரண்டு.

முந்தாநாள் இரவிலிருந்து
கதையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.
நூற்றுப் பதினெட்டுப் பக்கம்
பத்தாயிற்று, பிறகு ஒன்று,
பிறகு குக்கர் மூன்று விசில் விடுவதற்குள்
சொல்லி முடிக்கிற அளவு.
பருப்பு குழைந்துவிட்டது.
கதை இன்னும் வேகவில்லை.

வாஷி சுங்கச்சாவடியில் இரவு வேலை பார்க்கிறாள் ஒருத்தி.
வியாழன்தோறும் ஒரே வெள்ளைக் கார்
முப்பது ரூபாய்க்கு ஐந்நூறு நீட்டி
மீதி வாங்காமல் போகிறது.
அவ்வளவுதான்.
அவ்வளவுதானா என்று கேட்பார்.
அதற்கொரு பதிலைத் துவைத்து மடித்து
கைக்குட்டை போல வைத்திருக்கிறேன்.

ஹீரோ யார் என்பார்.
கார் ஓட்டுகிறவன் என்று சொல்லிவிடு என்கிறாள் பிராஜக்தா.
முகமே காட்டாத ஆளாயிற்றே அவன்.
"முகத்தை அவங்க கொண்டுவருவாங்க,
நீ குறுக்கே பேசாதே."

ஃபாஸ்டேக் வந்த பிறகு இதெல்லாம் ஏது என்பார்.
இரண்டாயிரத்துப் பதினொன்றில் நடக்கிறது சார்.
பீரியட் படமா, பட்ஜெட் ஏறுமே.
இந்த இடத்தில் நான் சிரிக்க வேண்டும்.
கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தேன்,
கடன் கேட்க வந்தவள் மாதிரி இருந்தது.
பல் தெரியாமல் இன்னொரு தடவை.

சயான் கோலிவாடாவில் கற்ற இந்தி
காய்கறிக்கும் ஆட்டோ சண்டைக்கும்
ரேஷன் ஆபீசுக்கும் போதும்.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவள்
அந்த ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு
"என்னுதில்லாத காசு உள்ளங்கையைச் சுடுது" என்பாள்.
இந்தியில் சொல்லிப் பார்த்தேன்.
ஜுரம் வந்தவள் போலத் தெரிகிறாள்.

கிங் சர்க்கிள் ஜெராக்ஸ் கடைப் பையன்
முன்னட்டை கண்ணாடியா, பின்னட்டை கறுப்பா
என்று மட்டும் கேட்டு ஸ்பைரல் போட்டான்.
அறுபத்தோராம் பக்கம் தலைகீழ்.
வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.
கார் முதன்முதலாக வராமல் போகிற பக்கம் அது.
விட்டுவிட்டேன்,
அதுவரை யார் படிக்கப் போகிறார்கள்.
படித்தால்?
படித்தால் புத்தகத்தைத் திருப்பிப் பிடிப்பார்.
அதை நான் பார்க்க வேண்டும்.

காட்டன் புடவை கட்டினால் டாக்குமெண்டரி என்று நினைப்பார்கள்.
ஜீன்ஸ் போட்டால் டீ வாங்கிவரச் சொல்வார்கள்.
பிராஜக்தாவின் இண்டிகோ குர்தாவில்
அக்குளருகே சின்னக் கிழிசல்.
கையைத் தூக்காமல் கதை சொல்ல வேண்டும்.
க்ளைமாக்ஸில் என்ன செய்வது?

ஆபீசில் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லி லீவு.
மேலா கீழா என்று கேட்டார் மேனேஜர்.
கடைவாய், இடது பக்கம், சொத்தை, மூன்று மாத வலி.
இந்த வாரம் நான் தடுமாறாமல் சொன்ன
ஒரே கதை.

கிங் சர்க்கிளில் ரயில் ஏறினேன்.
மாஹிமில் முதல் வரி மறந்துபோனது.
பாந்த்ராவில் திரும்பி வந்தது,
கொஞ்சம் வேறு மாதிரி.

நீல கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டரை நீட்டினார்.
சங்கரவடிவு கட்டத்துக்குள் அடங்கவில்லை,
வடிவு என்று எழுதினேன்.
எங்கிருந்து: ஆண்டாப் ஹில்.
யாரைப் பார்க்க: வக்காரியா சார்.
வந்த காரணம்:
சுண்டுவிரல் அகலத்தில் இடம்.
மேலே கூரியர், ஏசி ரிப்பேர், மீட்டிங்.
மீட்டிங்குக்குக் கீழே ஒன்பது பேர்
மேற்படி என்று இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

நூலில் கட்டிய பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கி உயிர் வரவைத்து
பத்தாவதாக நானும் இரண்டு கோடு.

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்திருக்க வேண்டாம்.
எனக்கு முன்னால் போனவர்
ஆறு நிமிஷத்தில் வெளியே வந்திருக்கிறார்.

ஆறு நிமிஷம்.
மிஞ்சிப்போனால் இரண்டு விசில்.